23 சதவீதத்தில் அணைந்த லேப்டாப்: யூபவரை வைத்துச் சொந்தமாக ஒரு பேட்டரி கண்காணிப்பான்

மேல்பட்டையில் 23 சதவீதம் என்று பார்த்துவிட்டுத்தான் தேநீர் போட எழுந்தேன். பின்னணியில் ஒரு பெரிய நிரல் கம்பைல் ஆகிக்கொண்டிருந்தது. டம்ளரோடு திரும்பி வந்தால் திரை கறுப்பு. எச்சரிக்கையும் வரவில்லை, லேப்டாப் தூங்கவும் இல்லை, நேராக அணைந்திருந்தது. சார்ஜரைச் செருகி எழுப்பினால், ஒன்றுமே நடக்காதது போல 4 சதவீதம் என்கிறது.

மூன்று வருடப் பழைய பேட்டரி அது. தேய்ந்திருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எந்த நேரத்தில் காலை வாரும் என்று டெஸ்க்டாப்பில் இருந்த அந்தச் சின்னப் படம் ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்காக ஒரு கருவியை நானே எழுதினேன். லினக்ஸில் இதற்கு வேண்டிய பொருள் முக்கால்வாசி தயாராகவே கிடக்கிறது; பேட்டரி நிலையைக் கவனித்துச் சொல்லும் யூபவர் என்ற நிரல்தான் அதில் முக்கியம். மீதிக் கால்வாசியை எப்படிக் கட்டுவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

நிரல்வரிகளை இங்கே ஒட்டப்போவதில்லை. பைத்தான், ரஸ்ட், சி, கோ என்று எதில் எழுதினாலும் தர்க்கம் ஒன்றுதான். பெயர்களின் உச்சரிப்பை மட்டும் தருகிறேன். சரியான எழுத்துக்கூட்டலை உங்கள் கணினியே காட்டும். எங்கே என்று சொல்கிறேன்.

எண் எங்கிருந்து வருகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுத ஆரம்பித்தால், பிழை எந்த மாடியில் இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்னச் சிப் இருக்கிறது. உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் எண்ணிக்கொண்டே இருப்பது அதன் வேலை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்காமல், குழாயில் எத்தனை வாளி போனது என்று மட்டும் கணக்கு வைப்பது மாதிரி. தொட்டியே சுருங்கிப்போனால் அந்தக் கணக்கு தப்பும். என் 23 சதவீதக் கதை அதுதான்.

அந்தச் சிப் சொல்வதை மதர்போர்டில் உள்ள ஒரு கட்டுப்பாட்டுச் சிப் வாங்கி, ஏசிபிஐ (வன்பொருளும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் முறை) வழியாக லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் கொடுக்கிறது. கெர்னல் அதை 'சிஸ்' என்னும் அடைவுக்குள், 'கிளாஸ்', அதற்குள் 'பவர் சப்ளை' என்ற இடத்தில் சின்னச் சின்னக் கோப்புகளாக வைக்கிறது. பெரும்பாலும் 'பேட்-0' அல்லது 'பேட்-1' என்ற பெயரில் பேட்டரியும், 'ஏசி' போன்ற ஒரு பெயரில் சார்ஜரும் அங்கே தெரியும். அதற்கு மேல் மாடியில் இருப்பதுதான் யூபவர்.

யூபவர் என்பது ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின் கீழ் வளரும் திறமூல டீமன், அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல். முதலில் டிவைஸ்கிட்-பவர் என்ற பெயரில் இருந்தது. ரிச்சர்ட் ஹியூஸ் முன்னின்று வளர்த்த வேலை. ஒரு காலத்தில் கணினியைத் தூங்கவைக்கும் பொறுப்பும் இதனிடமே இருந்தது. 0.99 பதிப்போடு அந்த வேலை, பயனர் உள்நுழைவைக் கவனிக்கும் சிஸ்டம்டி-லாகின்டி என்ற இன்னொரு டீமனிடம் போய்விட்டது. பழைய நிரல்கள் சில இன்னும் யூபவரிடம் போய் "தூங்கவை" என்று கேட்டு ஏமாறுவது இதனால்தான். இன்று க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ ஆகிய டெஸ்க்டாப்புகள் எல்லாமே பேட்டரி நிலையை இதனிடம்தான் கேட்கின்றன. நாமும் அதே வாசலில்தான் நிற்கப்போகிறோம்.

"கெர்னல் கோப்புகளையே நேராகப் படித்தால் என்ன?" என்று கேட்கலாம். படிக்கலாம், பட்டையில் ஒரு எண் காட்டும் சின்ன ஸ்கிரிப்டுக்கு அதுவே போதும். ஆனால் எல்லா லேப்டாப்பும் ஒரே மொழி பேசுவதில்லை. சில இயந்திரங்கள் ஆற்றலை மைக்ரோ வாட்-மணியில் தருகின்றன, சில மின்னேற்றத்தை மைக்ரோ ஆம்பியர்-மணியில் தருகின்றன. மின்னோட்டத்தைச் சில டிரைவர்கள் கழித்தல் குறியோடு தரும், சில தராது. இந்தத் தலைவலியை யூபவர் ஏற்கெனவே பல வருடங்களாகச் சுமந்துகொண்டிருக்கிறது. நீங்களும் ஏன் சுமக்க வேண்டும்?

முதலில் கையால் பாருங்கள்

டெர்மினலைத் திறந்து 'யூபவர்' கட்டளையை 'டம்ப்' தெரிவோடு ஓட்டுங்கள். சுருக்கமாக, மைனஸ் டி. கணினியில் யூபவருக்குத் தெரிந்த எல்லாச் சாதனங்களும் வரிசையாக வரும். என் பழைய பேட்டரி இப்படிச் சொன்னது: வடிவமைப்புக் கொள்ளளவு 57 வாட்-மணி, இப்போது முழுதாக ஏறினால் 38.2 வாட்-மணி, கையிருப்பு 19.1, செலவு வேகம் 9.5 வாட்.

இந்த நான்கு எண்ணிலேயே முக்கால் கதை இருக்கிறது. 19.1-ஐ 9.5-ஆல் வகுத்தால் இரண்டு மணி நேரம். அதுதான் மீதி நேரம். 38.2-ஐ 57-ஆல் வகுத்தால் 67 சதவீதம். அதுதான் பேட்டரியின் ஆரோக்கியம். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று யூபவரின் ஆவணமே சொல்கிறது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் விழுந்தேன். 'கபாசிட்டி' என்ற பெயர் கெர்னலில் ஒரு பொருள், யூபவரில் வேறு பொருள். கெர்னல் கோப்பில் அது தற்போதைய சார்ஜ் சதவீதம். யூபவரில் அதே பெயர் ஆரோக்கியத்தைக் குறிக்கும். சார்ஜ் சதவீதத்துக்கு 'பர்சன்டேஜ்' என்று தனிப் பண்பு. மாற்றிப் போட்டுவிட்டு, சார்ஜரைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆகியும் எண் 67-ஐ விட்டு அசையவே மாட்டேன் என்கிறதே என்று அரை நாள் தலையைச் சொறிந்தேன்.

அடுத்து 'மானிட்டர்-டீட்டெயில்' தெரிவோடு அதே கட்டளையை ஓட்டிவிட்டு, சார்ஜரைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். மாற்றம் நடந்த உடனே வரிகள் ஓடும். நம் கருவி செய்யவேண்டியதும் அச்சு அசல் இதுதான்.

எழுத்துக்கூட்டலுக்கு டி-ஸ்பை என்ற வரைகலைக் கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். லினக்ஸ் நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் பாதைக்கு டி-பஸ் என்று பெயர்; கணினி முழுவதற்கும் பொதுவானது சிஸ்டம் பஸ், உள்நுழைந்த பயனருக்கானது செஷன் பஸ். சிஸ்டம் பஸ்ஸில் யூபவரைத் தேடித் திறந்தால் மெத்தட் (நாம் அழைப்பது), பண்பு (நாம் படிக்கும் மதிப்பு), சிக்னல் (தானாக வரும் சேதி) எல்லாம் பெயரோடு தெரியும், அங்கேயே அழைத்தும் பார்க்கலாம். டெர்மினலே போதும் என்பவர்களுக்கு 'பஸ்-சிடிஎல்' இருக்கிறது.

எந்தச் சாதனத்தைக் கேட்பது

யூபவரிடம் சாதனப் பட்டியலைக் கேட்கும் மெத்தட்டின் பெயர் 'எனுமரேட் டிவைசஸ்'. அது தரும் பட்டியலில் லேப்டாப் பேட்டரி மட்டும் இருக்காது. வயர்லெஸ் மவுஸ், ப்ளூடூத் ஹெட்போன், கீபோர்டு எல்லாம் அதே வரிசையில் நிற்கும். முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும் நிரல் ஒரு நாள் மவுஸின் 8 சதவீதத்தைப் பார்த்து லேப்டாப்பையே தூங்கவைத்துவிடும். சிரிக்காதீர்கள், அப்படிப்பட்ட ஸ்கிரிப்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

வடிகட்ட இரண்டு பண்புகள் போதும். 'டைப்' என்பது 2 ஆக இருக்கவேண்டும், அதுதான் பேட்டரி. 1 சார்ஜர், 3 யூபிஎஸ், 5 மவுஸ், 6 கீபோர்டு. கூடவே 'பவர் சப்ளை' என்ற பண்பு உண்மை என்று இருக்கவேண்டும். கணினிக்கே மின்சாரம் கொடுக்கும் சாதனம் என்று பொருள். மவுஸுக்கு அது பொய் என்று இருக்கும்.

மொத்த நிலவரம் மட்டும் போதுமென்றால் இதைவிட எளிய வழி உண்டு. 'கெட் டிஸ்ப்ளே டிவைஸ்' என்று கேட்டால், யூபவர் எல்லா பேட்டரிகளையும் கூட்டிச் சேர்த்து ஒரே கற்பனைச் சாதனமாகத் தரும். மேல்பட்டையில் காட்ட அதுவே சரி. ஏன் நாமே சராசரி எடுக்கக்கூடாது என்பதற்கு திங்க்பேட் டி480 நல்ல உதாரணம். அதில் உள்ளே 24 வாட்-மணிப் பேட்டரி ஒன்று, பின்னால் கழற்றி மாட்டும் பேட்டரி ஒன்று. பெரியதாக வாங்கினால் பின்னது 72 வாட்-மணி. உள்ளே 100 சதவீதம், பின்னால் 10 சதவீதம் இருக்கும்போது சராசரி எடுத்தால் 55 வரும். நிஜத்தில் இருப்பது 24-உம் 7.2-உம் சேர்ந்து 31.2, மொத்தம் 96-இல் அது 32.5 சதவீதம். பாதிக்குமேல் இருக்கிறது என்று நம்பிப் பேருந்தில் ஏறுபவர் கதி என்ன ஆகும்?

ஆரோக்கியம், மின்னழுத்தம் போன்றவற்றுக்குக் கூட்டுச் சாதனம் உதவாது. ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். ஆக, காட்டுவதற்குக் கூட்டுச் சாதனம், பதிவு செய்வதற்குத் தனிப் பேட்டரி என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள்.

மேசைக் கணினிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. யூஎஸ்பி கேபிள் வழியாகத் தன் நிலையைச் சொல்லத் தெரிந்த யூபிஎஸ் என்றால் யூபவர் அதையும் டைப் 3 ஆகக் காட்டக்கூடும். அதே யூபிஎஸ்ஸை நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளும் பிடித்திருந்தால் இரண்டும் ஒரே கேபிளுக்குச் சண்டை போடும், ஒன்றை நிறுத்திவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டருக்குக் கணினியோடு பேசும் கேபிள் இல்லையென்றால் அது கண்ணில் படவே படாது. கணினியைப் பொறுத்தவரை மின்வெட்டே நடக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருங்கள், கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள்

ஆரம்பத்தில் எல்லோரும் எழுதுவது ஒரு சுழல்: ஒவ்வொரு நொடியும் எழுந்து, சதவீதம் என்ன என்று கேட்டு, மீண்டும் தூங்குவது. பேட்டரியைக் காப்பாற்ற எழுதிய கருவியே செயலியை (சிபியுவை) நொடிக்கொரு முறை எழுப்பினால் எப்படி? தவிர, அதனால் புதிய தகவலும் கிடைக்காது. சார்ஜர் செருகியது போன்ற மாற்றத்தைக் கெர்னல் உடனே யூபவருக்குச் சொல்லிவிடும். மற்ற நேரத்தில் யூபவர் பொதுவாக அரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் பேட்டரியைப் புதிதாகப் படிக்கிறது. நடுவில் நீங்கள் 29 முறை கேட்டாலும் அதே பதில்தான்.

சரியான வழி சிக்னலுக்குக் காத்திருப்பது. எந்தப் பண்பு மாறினாலும் டி-பஸ்ஸில் 'ப்ராபர்டீஸ் சேஞ்ச்டு' என்ற சிக்னல் வரும். மாறிய பண்புகளின் புதிய மதிப்பும் அதற்குள்ளேயே இருக்கும். நிரல் தொடங்கும்போது ஒரே ஒரு முறை எல்லாவற்றையும் படித்துக்கொண்டு, பிறகு சிக்னல் வரும்போது மட்டும் விழித்துக்கொண்டால் போதும்.

தொடக்கத்தில் வரிசை முக்கியம். முதலில் சிக்னலுக்குப் பதிவு செய்யுங்கள், அப்புறம் பண்புகளைப் படியுங்கள். மாற்றிச் செய்தால் படித்ததற்கும் பதிவு செய்ததற்கும் இடையில் நடந்த மாற்றம் தவறிப்போகும். இருபது முறை ஓட்டினால் ஒருமுறை வரும் இந்த மாதிரிப் பிழையைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

இன்னும் இரண்டு சிக்னல்கள் உண்டு: 'டிவைஸ் ஆடட்', 'டிவைஸ் ரிமூவ்டு'. பேட்டரியைக் கழற்றி மாட்டும் லேப்டாப்புகளுக்கும் ப்ளூடூத் சாதனங்களுக்கும் இவை தேவை. கூடவே யூபவர் டீமனே மறுபடி தொடங்கலாம். டிஸ்ட்ரோ (நீங்கள் நிறுவிய லினக்ஸ் வகை) அப்டேட்டின்போது இது சகஜம். பஸ்ஸில் யூபவர் என்ற பெயரின் உரிமையாளர் மாறினால் எல்லாவற்றையும் புதிதாகப் படிக்கும்படி எழுதிவிடுங்கள்.

பைத்தானில் எழுதுவோர் இதில் பாதியைத் தவிர்க்கலாம். யூபவரோடு வரும் 'யூபவர்-கிலிப்' நூலகத்தை, சி நூலகங்களைப் பைத்தானுக்குள் கொண்டுவரும் ஜிஐ பிணைப்பு வழியாக எடுத்துக்கொண்டால், சாதனம் ஒரு சாதாரணப் பொருளாகக் கையில் கிடைக்கும்; பண்பு மாறினால் உங்கள் செயற்கூறு அழைக்கப்படும். நான் முதலில் அப்படித்தான் எழுதினேன்.

நிலையை எழுத்தாக்குவது

'ஸ்டேட்' என்ற பண்பு ஒரு எண்: 1 ஏறுகிறது, 2 இறங்குகிறது, 3 காலி, 4 நிறைந்துவிட்டது, 5 ஏறக் காத்திருக்கிறது, 6 இறங்கக் காத்திருக்கிறது, 0 தெரியவில்லை.

இதில் 5-ஐ நிறையக் கருவிகள் கோட்டைவிடுகின்றன. 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வரம்பு வைத்த லேப்டாப்பில், சார்ஜர் செருகியே இருக்கும், ஆனால் ஏறாது. அந்த நேரத்தில் பெரும்பாலும் இந்த 5 வரும். கருவி இதை 'தெரியவில்லை' என்று காட்டினால், சார்ஜர் கெட்டுவிட்டதோ என்று ஆள் பதறிப்போவார். 'செருகியுள்ளது, ஏற்றவில்லை' என்று போடுங்கள்.

மீதி நேரத்தை 'டைம் டு எம்ப்டி', 'டைம் டு ஃபுல்' என்று யூபவரே நொடிக் கணக்கில் தருகிறது. மதிப்பு 0 என்றால் 'இன்னும் கணக்கிடவில்லை' என்று பொருள். 'நேரம் முடிந்தது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிய உடனே சிறிது நேரம் இப்படித்தான் வரும். அப்போது நேரத்தை மறைத்துவிடுங்கள், சதவீதம் மட்டும் போதும்.

அந்த நேரத்தையும் நிமிடச் சுத்தமாகக் காட்டாதீர்கள். ஒரு வீடியோ திறந்தால் 2:47 என்பது 1:31 ஆகும், மூடினால் 3:05 ஆகும். பார்க்கிறவர் இரண்டே நாளில் அதை நம்புவதை விட்டுவிடுவார். நான் கடைசி ஐந்து நிமிடச் செலவு வேகத்தின் சராசரியை எடுத்து, கால் மணி நேரத்துக்கு முழுமையாக்கி, 'ஏறத்தாழ இரண்டரை மணி' என்று எழுதுகிறேன். அரை மணிக்குக் கீழே வந்தால் மட்டும் ஐந்து நிமிடத் துல்லியம்.

படத்துக்கு மெனக்கெட வேண்டாம். 'ஐகான் நேம்' என்ற பண்பில் தற்போதைய நிலைக்கு ஏற்ற ஐகானின் பெயர் வரும்; டெஸ்க்டாப் தீமே அதை வரைந்துகொள்ளும். மேல்பட்டையில் வைக்க 'ஸ்டேட்டஸ் நோட்டிஃபையர்' முறையைப் பயன்படுத்துங்கள். கேடிஇ அதை நேராக ஏற்கும், க்னோமில் ஆப்-இண்டிகேட்டர் நீட்சி வேண்டும்.

எச்சரிக்கை: குறைவாக, ஆனால் காதில் விழும்படி

எச்சரிக்கை வரம்புகள் யூபவரின் அமைப்புக் கோப்பிலேயே உள்ளன. புதிய பதிப்புகளில் 20 சதவீதம் குறைவு, 5 சதவீதம் நெருக்கடி, 2 சதவீதத்தில் நடவடிக்கை. இந்தக் கணக்கின் முடிவு 'வார்னிங் லெவல்' என்ற பண்பாக வருகிறது: 1 ஒன்றுமில்லை, 3 குறைவு, 4 நெருக்கடி, 5 நடவடிக்கை. உங்கள் நிரலில் தனியாக 20, 5 என்று எழுதிவைக்காமல் இந்தப் பண்பையே கவனியுங்கள். பயனர் ஒரே இடத்தில் வரம்பை மாற்றினால் டெஸ்க்டாப்பும் உங்கள் கருவியும் ஒன்றாக மாறும்.

அறிவிப்பை அனுப்புவது செஷன் பஸ்ஸில் உள்ள அறிவிப்புச் சேவை. அதன் 'நோட்டிஃபை' மெத்தட் ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அடுத்த முறை அதே எண்ணைக் கொடுத்தால் பழையது போய்ப் புதியது அதே இடத்தில் வரும். இதைச் செய்யாத கருவிகள்தான் திரை ஓரத்தில் பத்து எச்சரிக்கைகளைச் சீட்டுக்கட்டு போல அடுக்குகின்றன. சார்ஜர் செருகியதும் அந்த எண்ணைக் கொண்டே அறிவிப்பை மூடிவிடுங்கள்.

நிலை மாறும்போது மட்டும் அறிவியுங்கள். சதவீதம் 20-க்கும் 21-க்கும் இடையில் ஊசலாடினால் ஒவ்வொரு முறையும் கூவக்கூடாது. ஒருமுறை 'குறைவு' என்று சொன்ன பிறகு, சார்ஜர் செருகினாலோ சதவீதம் 25-ஐத் தாண்டினாலோதான் மறுபடி அந்த எச்சரிக்கைக்கு அனுமதி என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டால் போதும்.

கடைசி 2 சதவீத நடவடிக்கையை, அதாவது தூங்கவைப்பதையோ அணைப்பதையோ, யூபவரே லாகின்டியிடம் சொல்லிச் செய்துகொள்கிறது. அதில் நாம் தலையிட வேண்டாம்.

தூங்கி எழுந்த பிறகு

மூடியை மூடிவிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால், கருவியின் கையில் இருப்பது மூன்று மணி நேரப் பழைய எண். லாகின்டி 'ப்ரிப்பேர் ஃபார் ஸ்லீப்' என்ற சிக்னலைத் தூங்கும் முன்பு 'உண்மை' என்றும் எழுந்த பிறகு 'பொய்' என்றும் அனுப்புகிறது. 'பொய்' வந்ததும் சராசரிக்காகச் சேர்த்து வைத்த பழைய அளவுகளைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாப் பண்புகளையும் புதிதாகப் படியுங்கள்.

லினக்ஸின் 'மோனோடோனிக்' கடிகாரம் கணினி தூங்கும்போது ஓடாது. 'பூட்-டைம்' கடிகாரம் ஓடும். முதலாவதை வைத்து "கடந்த நேரத்தில் எவ்வளவு செலவானது" என்று கணக்குப் போட்டால், மூன்று மணி நேர இழப்பு இரண்டு நொடியில் நடந்ததாகத் தெரியும். என் பதிவில் ஒருமுறை 4,000 வாட் செலவு என்று வந்தது. இட்லிப் பானையைக் கூட அதில் வைத்திருக்கலாம்.

பதிவேடு: இதற்காகத்தான் இவ்வளவும்

இதுவரை சொன்னதை எந்த டெஸ்க்டாப்பும் ஓரளவு செய்கிறது. நாம் சொந்தமாக எழுதுவதன் பயன் இங்கேதான். யூபவரிடம் 'கெட் ஹிஸ்டரி' என்ற மெத்தட் இருக்கிறது. செலவு வேகம், சார்ஜ் இரண்டின் பழைய அளவுகளைக் கேட்டு வாங்கலாம், வரைபடம் போட அருமையானது. ஆனால் அது அண்மைக் காலத்துக்கான நினைவு மட்டுமே. பேட்டரி தேய்வது மாதக் கணக்கில் நடப்பது. அதற்கு நம் சொந்தப் பதிவேடு வேண்டும்.

எஸ்க்யூலைட் கோப்பு (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) ஒன்று போதும். ஒவ்வொரு வரியிலும் நேரம், பேட்டரியின் வரிசை எண், சதவீதம், கையிருப்பு ஆற்றல், முழுக் கொள்ளளவு, செலவு வேகம், மின்னழுத்தம், நிலை. சிக்னல் வரும்போதெல்லாம் எழுதாமல், நினைவகத்தில் சேர்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக எழுதுங்கள். முழுக் கொள்ளளவு, சார்ஜ் சுழற்சி எண்ணிக்கை இரண்டையும் நாளுக்கு ஒருமுறை எழுதினால் போதும். சுழற்சி எண்ணிக்கையைச் சில இயந்திரங்கள் எப்போதும் 0 என்றே சொல்லும். அப்படியானால் அந்தப் பகுதியை மறைத்துவிடுங்கள்.

முழுக் கொள்ளளவு நாளுக்கு நாள் சீராக இறங்காது. இரண்டு மாதம் அசையாமல் நின்றுவிட்டு ஒரே நாளில் 2 வாட்-மணி விழும். சில நேரம் ஏறக்கூடச் செய்யும். பேட்டரிக்குள் உள்ள சிப், பெரும்பாலும் முழுதாக இறங்கி முழுதாக ஏறும்போதுதான் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. ஒரு நாள் விழுந்ததை வைத்து எச்சரிக்கை கொடுக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு நடுவெண் எடுத்து வரைபடத்தில் போடுங்கள்.

ஆனால் என்னைக் கவிழ்த்தது கொள்ளளவு அல்லவே. 38.2-இல் 23 சதவீதம் என்றால் 8.8 வாட்-மணி, கம்பைல் ஓடும்போது 28 வாட் போனாலும் கால் மணிக்கு மேல் தாங்கியிருக்கவேண்டும். தாங்காததற்குக் காரணம் அக மின்தடை. லித்தியம் பேட்டரி வயதாகும்போது அதன் உள் தடை கூடுகிறது. சும்மா இருக்கும்போது மின்னழுத்தம் நன்றாகவே தெரியும்; திடீரென்று அதிக மின்னோட்டம் இழுத்தால் மின்னழுத்தம் சட்டென்று தொய்கிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தொய்ந்தால், சதவீதம் என்ன சொன்னாலும் சரி, மின்சாரம் துண்டிக்கப்படும்.

இதைப் பதிவேட்டிலிருந்தே கணக்கிடலாம். என் பழைய பேட்டரியில் 40 சதவீதத்தை ஒட்டிய இரண்டு வரிகள்: 7 வாட் செலவின்போது 11.4 வோல்ட், சில நிமிடம் கழித்து 28 வாட்டின்போது 10.6 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம்: முதலாவது 0.61 ஆம்பியர், இரண்டாவது 2.64. மின்னழுத்த வித்தியாசம் 0.8, மின்னோட்ட வித்தியாசம் 2.03, வகுத்தால் ஏறத்தாழ 0.39 ஓம். பள்ளிக்கூடத்து ஓம் விதிதான், வேறொன்றுமில்லை.

இந்தக் கணக்கு சரியாக வர மூன்று கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். இரண்டு அளவுகளும் ஒரே சதவீதத்தை ஒட்டி, அதிகபட்சம் 2 புள்ளி இடைவெளியில் இருக்கவேண்டும். செலவு வேகம் இரண்டுக்கும் குறைந்தது 10 வாட் வித்தியாசம் வேண்டும். ஒவ்வொரு அளவும் ஒரு நிமிடமாவது நிலையாக இருந்த பிறகு எடுத்ததாக இருக்கவேண்டும், ஏனென்றால் வேகமும் மின்னழுத்தமும் ஒரே கணத்தில் அளக்கப்பட்டவை என்று உறுதி இல்லை. வாரத்துக்கு நான்கைந்து ஜோடிதான் தேறும், அதுவே ஏராளம். துல்லியமான ஆய்வுக்கூட அளவு அல்ல இது. அதே பேட்டரியை அதனோடேயே மாதாமாதம் ஒப்பிடப் போதும்.

கருவி இப்போது என்ன செய்கிறது என்றால், சதவீதம் 35-க்குக் கீழே இருக்கும்போது செலவு வேகம் 20 வாட்டைத் தாண்டினால், தடையை வைத்து மின்னழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று பார்க்கிறது. ஆபத்தான இடம் என்றால் 'சதவீதத்தை நம்பாதே, சார்ஜரைச் செருகு' என்று ஒரு வரி வரும்.

பேட்டரி தீரக் காத்திருக்காமல் சோதிப்பது

5 சதவீத எச்சரிக்கையைச் சோதிக்க இரண்டு மணி நேரம் காத்திருக்க முடியாது. பைத்தான்-டிபஸ்மாக் என்ற திறமூலக் கருவியில் யூபவருக்கென்றே ஒரு வார்ப்புரு உண்டு. தனி பஸ் ஒன்றில் போலி யூபவரை எழுப்பி, போலிப் பேட்டரி சேர்த்து, விருப்பப்படி எண்களை மாற்றலாம். தானியங்கிச் சோதனைகளுக்கு இதுவே போதும்.

முழு அடுக்கையும் சோதிக்கவேண்டுமானால் கெர்னலிலேயே 'டெஸ்ட்-பவர்' என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. ஏற்றினால் போலிப் பேட்டரியும் போலிச் சார்ஜரும் முளைக்கும். மாட்யூலின் அளவுருக் கோப்புகளில் எழுதி சதவீதத்தை மாற்றலாம். எல்லா டிஸ்ட்ரோவும் இதைக் கட்டித் தருவதில்லை. ஒரு எச்சரிக்கை: இதில் 1 சதவீதம் என்று எழுதினால் நிஜமான யூபவர் நம்பிவிடும், உங்கள் கணினி நிஜமாகவே தூங்கவோ அணையவோ கூடும். மெய்நிகர் இயந்திரத்துக்குள் செய்யுங்கள்.

கட்டாயம் சோதிக்கவேண்டியவை என் அனுபவத்தில் இவை: பேட்டரியே இல்லாத கணினி, இரண்டு பேட்டரி, செலவு வேகம் 0 என்று வருவது, வடிவமைப்புக் கொள்ளளவு 0 என்று வருவது. கடைசி இரண்டிலும் 0-ஆல் வகுத்து நிரல் விழும்.

நிறுவுவது

சிஸ்டம்டியின் பயனர் சேவையாகப் போடுங்கள். வரைகலை செஷனோடு தொடங்கி அதனோடு முடியும்படி, விழுந்தால் தானே எழும்படி. எண்களைப் படிக்க ரூட் (நிர்வாகி) அனுமதி தேவையே இல்லை. ஃப்ளாட்பேக்காக (தனிக் கூண்டுக்குள் ஓடும் தொகுப்பாக) கட்டினால் சிஸ்டம் பஸ்ஸில் யூபவரோடு பேசும் அனுமதியை அதன் 'மேனிஃபெஸ்ட்' கோப்பில் வெளிப்படையாகக் கேட்கவேண்டும். மறந்தால் உங்கள் கணினியில் ஓடும், மற்றவர் கணினியில் ஊமையாக நிற்கும். கடைசியாக, மின்செலவை ஆராயும் பவர்டாப் கருவியை ஓட்டி உங்கள் நிரல் நொடிக்கு எத்தனை முறை செயலியை எழுப்புகிறது என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் என்றால் எங்கோ ஒரு சுழல் ஒளிந்திருக்கிறது.

ஆசை இருந்தால் சார்ஜ் வரம்பையும் சேர்க்கலாம். வன்பொருள் அனுமதித்தால் கெர்னலில் 'சார்ஜ் கன்ட்ரோல் எண்ட் த்ரெஷோல்டு' என்ற கோப்பு இருக்கும். அதில் 80 என்று எழுதினால் அதோடு நின்றுவிடும். ஆனால் எழுத ரூட் வேண்டும். புதிய யூபவர் பதிப்புகள் இதை டி-பஸ் வழியாகவே தருகின்றன. 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48-இன் பேட்டரி ஆரோக்கியத் தெரிவும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. டிஎல்பி என்ற மின்சேமிப்புக் கருவியை ஏற்கெனவே நிறுவியிருப்பவர்கள் வரம்பை அதிலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டு கை ஒரே குமிழைத் திருகக்கூடாது.

பதிவேட்டில் பேட்டரியின் வரிசை எண்ணைச் சேர்க்கச் சொன்னேன் இல்லையா? புது பேட்டரி மாட்டும் நாளில்தான் அதன் அருமை தெரியும். கெர்னலில் அதே 'பேட்-0' என்ற பெயரில்தான் புதியதும் வந்து உட்காரும். வரிசை எண் இல்லாவிட்டால் பழையதன் சரிவும் புதியதன் தொடக்கமும் ஒரே கோடாக ஒட்டிக்கொள்ளும். நான் மாற்றிய அன்று அதே 40 சதவீதத்தில், 7 வாட்டில் 11.5 வோல்ட், 28 வாட்டில் 11.2 வோல்ட் என்று வரிகள் விழுந்தன; தடை 0.16 ஓம். முழுக் கொள்ளளவு 57.9 வாட்-மணி, அதாவது ஆரோக்கியம் ஏறத்தாழ 102 சதவீதம். அது பிழையில்லை. புதிய பேட்டரிகள் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிப்பதுண்டு. வரைபடத்தின் மேல் எல்லையை 100-இல் வெட்டாமல் 110 வரை விட்டுவையுங்கள்.